படிக்கிற பிள்ளையை யார் இழுத்துக்கொண்டு போகிறார்கள்?

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 9

என் மகன் பல்துறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவைக்குப் போக இன்னும் சில மாதங்களே உள்ளன. அரையாண்டாகச் சனிக்கிழமைகளில் எங்கே போகிறான் என்று சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தால் சுரண்டல், முதலாளித்துவம் என்று பேசுகிறான். அவன் அப்பா சிறிய அளவில் சொந்தத் தொழில் நடத்துவதால் தினமும் சாப்பாட்டு நேரத்தில் சண்டை. அறை முழுக்கப் புத்தகங்கள். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை இந்தப் புத்தகங்கள்தாம் கெடுத்துவிட்டன என்று நினைக்கிறேன். உங்கள் குடும்பங்களில் யாருக்காவது இந்த அனுபவம் உண்டா?

2024 பிப்ரவரி 10

எங்கள் குடும்பத்தில் உண்டு. 1954இல் என் சித்தப்பாவுக்குப் பதினெட்டு வயது. சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் குடியிருந்த கூலித் தொழிலாளி ஒருவரின் இரண்டாவது மகன் அவர். எங்கள் வீட்டிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்குப் போன முதல் ஆள். சீனியர் கேம்பிரிட்ஜ் என்ற பள்ளி இறுதித் தேர்வில் தேறி எங்காவது குமாஸ்தாவாக உட்கார்ந்துவிட்டால் குடும்பம் கரையேறிவிடும் என்று தாத்தா நம்பியிருந்தார்.

அவரைத் திசை திருப்பியதும் காகிதம்தான். மலாயாப் பல்கலைக்கழக மாணவர்களின் சோசலிச மன்றம் 'ஃபஜார்' என்ற ஆங்கில ஏட்டை நடத்திவந்தது. மலாயில் அதற்கு விடியல் என்று பொருள். அதன் ஏழாம் இதழில் ஆசியாவில் நடக்கும் ஆக்கிரமிப்பைக் கண்டித்து வந்த ஒரு கட்டுரைக்காக 1954 மே 28 அன்று எட்டு மாணவர்கள் கைதாகி, அரசுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டார்கள். லண்டனிலிருந்து டி. என். பிரிட் வந்து அவர்களுக்காக வாதாடினார். அவருக்குத் துணையாக நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. ஆகஸ்ட் 25ஆம் நாள் எட்டுப் பேரும் விடுதலையானார்கள். அந்த ஏட்டைப் படித்துத்தான் சித்தப்பா கெட்டுப்போனார் என்பது சிறுவயதிலிருந்து நான் கேட்டு வளர்ந்த கதை. ஆகவே உங்கள் எண்ணத்தில் நியாயம் இருக்கலாம்.

2024 பிப்ரவரி 11, காலை

நேற்று எழுதியது தவறு. எழுதிவிட்டுச் சித்தியைத் தொலைபேசியில் அழைத்தேன். வழக்கு ஊரெங்கும் பேசப்பட்ட பிறகுதான் அப்படி ஓர் ஏடு இருப்பதே சித்தப்பாவுக்குத் தெரியும் என்று அவர் சொன்னார். கதையை அப்பாயிதான் கட்டியிருக்க வேண்டும்; பெற்ற பிள்ளையைக் குறை சொல்வதைவிடக் காகிதத்தின்மேல் பழியைப் போடுவது எளிது.

2024 பிப்ரவரி 12

சித்தி சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பள்ளி விட்டு வரும் வழியில் ஒரு கோப்பிக்கடை இருந்திருக்கிறது. ஒருநாள் மாலை, அங்கே உட்கார்ந்திருந்த தொழிலாளி ஒருவர், வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பையன் போவதைப் பார்த்துக் கூப்பிட்டு, மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதத்தைக் கொடுத்து, "தம்பி, இதில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்" என்று கேட்டாராம். அது வேலைநீக்கக் கடிதம். நான்கு நாள்களாக அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் தினமும் வேலைக்குப் போய், வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டு, ஏன் என்று தெரியாமல் நின்றிருக்கிறார். சித்தப்பா வாய்விட்டுப் படித்து, தமிழில் சொன்னார். கடையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு இன்னொருவர், "இதற்குப் பதில் எழுத முடியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும் என்று சொன்னதுதான் தொடக்கம். மறுநாள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒரு மாதத்தில் சுவரோரம் ஒரு பெஞ்சு அவருக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. கூலிப் பிடித்தம், ஓவர்டைம் பாக்கி, அடிபட்ட விரலுக்கு நஷ்டஈடு, ஊரில் இருக்கும் மனைவிக்குப் பணம் போய்ச் சேராத புகார் என்று எல்லாவற்றுக்கும் கடிதம். ஒரு கடிதத்துக்குக் கூலி ஒரு கோப்பி. வீட்டில் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்ளாத வயதில், நாற்பது வயது ஆண்கள் பெஞ்சின் எதிரே நின்று, "தம்பி சொல்லட்டும்" என்று காத்திருந்தார்கள்.

யூனியன்காரர்கள் பிறகுதான் வந்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிறது, இந்தத் துண்டறிக்கையைத் தமிழில் எழுதிக் கொடு என்றார்கள். ஸ்டென்சில் தாளில் எழுதி சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் சுற்றுவதற்கு இரவாகிவிடும். வலது கைச் சட்டையின் விளிம்பில் கறுப்பு மை ஒட்டும். சோடா உப்புப் போட்டுத் துவைத்தாலும் போகாது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி, அவர் எங்கே போய்வந்தார் என்பதை அந்த மையைப் பார்த்தே தெரிந்துகொள்வாராம்.

இதையெல்லாம் கேட்ட பிறகு, யார் இழுத்தார்கள் என்ற கேள்வியே எனக்குக் கொஞ்சம் கோணலாகத் தெரிகிறது. உங்கள் மகன் என்ன படிக்கிறான் என்பதை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை அவனுக்கு யார் என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

2024 பிப்ரவரி 12, இரவு

ஒன்று விட்டுப்போனது. கோப்பிக்கடைக்கு முன்பே அவர் ஒரு வகையில் கலகக்காரர்தான்: திருநீறு பூசுவதில்லை, சாதி கேட்டால் பதில் சொல்வதில்லை. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டப்பட்டபோது உண்டியலை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய பையன்களில் அவரும் ஒருவர். பெரியார் 1954 இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தபோது அவர் பேச்சைக் கேட்கப் போனதற்காகத் தாத்தாவிடம் அடி வாங்கியிருக்கிறார். பெரியாருக்கு விழுந்த அடிதான் பெரிது, யூனியனுக்கு விழுந்தது குறைவு என்பது சித்தியின் கணக்கு.

2024 பிப்ரவரி 14

"உங்கள் சித்தப்பா பிழைக்கத் தெரியாதவர், அந்தக் காலத்துச் சீன மாணவர்களைத்தான் கம்யூனிஸ்டுகள் தூண்டிவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியை மறுக்கமாட்டேன். இரண்டாம் பாதியில், அந்த மாணவர்களின் வயதை அவர் மறந்துவிட்டார். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் பள்ளிகள் குலைந்துபோனதால், 1954இல் சீன உயர்நிலைப் பள்ளி வகுப்புகளில் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் ஏராளமாக உட்கார்ந்திருந்தார்கள். தேசிய சேவைச் சட்டம் பதினெட்டு முதல் இருபது வயதுவரை உள்ள ஆண்களைப் பதிவு செய்யச் சொன்னது. ஏற்கெனவே மூன்று ஆண்டுகளைப் போருக்குக் கொடுத்துவிட்டு, எப்படியாவது படிப்பை முடிக்கப் போராடிக்கொண்டிருந்தவனிடம், காலனி அரசுக்காகத் துப்பாக்கி தூக்க வா என்றால் அவன் கோபப்படுவதற்கு வெளியாள் யாரும் வர வேண்டியதில்லை. 1954 மே 13 அன்று மனுக் கொடுக்கப் போன மாணவர்களுக்கும் காவலர்களுக்கும் மோதல் ஏற்பட்டு 48 மாணவர்கள் கைதானார்கள்.

அந்தக் கோபத்தைத் தங்களுக்குப் பயன்படுத்திக்கொள்ள ஆள்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

2024 பிப்ரவரி 17

ஈசூன் வாசகர் ஒருவரின் கடிதம் என்னை ஒரு வாரம் யோசிக்க வைத்திருக்க வேண்டும். மூன்று நாளில் பதில் எழுதுகிறேன், குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோப்பிக்கடைக் கதையைச் சொல்லித் தீவிரவாதத்தை நான் அழகாக்குகிறேன் என்கிறார். 2020 டிசம்பரில் தடுத்து வைக்கப்பட்ட பதினாறு வயது மாணவனை நினைவூட்டுகிறார். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கிறிஸ்தவப் பையன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் நடந்த கொலைகளைப் பார்த்து, அதே மார்ச் 15ஆம் நாளில், 2021இல், தன் வீட்டுக்கு அருகிலுள்ள இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகைக்கு வருவோரை வெட்டத் திட்டமிட்டவன். அந்தச் செய்தி வெளியான நாளன்று என் மகள் தொலைபேசியை என் கையில் கொடுத்து, "அப்பா, நம்ம மாதிரிப் பையன்" என்றாள். எங்கள் புளோக்கில் கீழ்த்தளத்தில் நோன்புக் கஞ்சி வாங்கி வளர்ந்த பெண் அவள்.

அந்தப் பையனையும் என் சித்தப்பாவையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது. ஒருவன் முன்பின் தெரியாதவர்களைக் கொல்லத் தேதி குறித்தான். இன்னொருவர் கூலிப் பாக்கிக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பையனுக்குப் பின்னால் ஆள் யாரும் இல்லை, தனியாகவே திரையின் முன் உட்கார்ந்து அந்த முடிவுக்கு வந்தான் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. கோப்பிக்கடையில் சித்தப்பா மூடத்தனமாக எதையாவது பேசியிருந்தால், "தம்பிக்கு இன்று வெயில் ஏறிவிட்டது" என்று சொல்லிச் சிரிக்க அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்கு அரிசி வாங்க வேண்டும். அந்தக் கவலை இவர் தலையிலும் ஏறியது.

ஆகவே இந்தத் தாய்க்குச் சொல்கிறேன்: பையன் சனிக்கிழமை வெளியே போகிறான் என்பது எனக்குச் சற்று நிம்மதியாகவே இருக்கிறது.

2024 பிப்ரவரி 18

மேலே எழுதியதை இன்று காலை மறுபடியும் படித்தேன். மிகவும் சுலபமாகச் சொல்லிவிட்டேன். பத்துப் பேர் சேர்ந்தால் பித்தம் இறங்கும் என்பதைப் போலவே, ஆயிரம் பேர் சேர்ந்தால் ஏறவும் செய்யும். இதை எழுதுவதா வேண்டாமா என்று நேற்றே யோசித்தேன்.

1955 மே 12 அன்று அலெக்சாண்டிரா சாலையில் ஹாக் லீ பேருந்துத் தொழிலாளர் போராட்டம் கலவரமாக மாறியது. நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பதினாறு வயது மாணவர், ஒருவர் அமெரிக்கச் செய்தியாளர். அன்றிரவு சித்தப்பா வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்து, தீவின் தெற்குமுனையிலிருந்து வடக்குவரை நடந்தே வந்து, திண்ணையில் படுத்துக்கொண்டார். தாத்தா அடிக்கக்கூட இல்லையாம். ஒரு சொம்புத் தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் கல்லூரி படித்த நாள்களில் ஒருமுறை அவரிடம் அந்த இரவைப் பற்றிக் கேட்டேன். "கையில் கல் எடுத்தேன். எறிந்தேனா என்று மட்டும் கேட்காதே" என்றார். நான் கேட்கவில்லை. அவர் 2011இல் இறந்துபோனார். இதை எழுதும்போதும், கேட்டிருக்க வேண்டுமா என்று எனக்குத் தெளிவாகவில்லை. அதன்பிறகு அவர் கூட்டங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார் என்பதையும், கடிதம் எழுதுவதை நிறுத்தவில்லை என்பதையும் மட்டும் சித்தி சொல்கிறார்.

2024 பிப்ரவரி 25

"கடைசியில் இவர்களெல்லாம் என்ன ஆனார்கள்?" என்று கேட்டிருப்பவருக்கு.

ஒரே மாதிரி ஆகவில்லை. ஃபஜார் வழக்கின் எட்டுப் பேரில் எட்வின் தம்பு, தந்தை வழியில் தமிழர், கவிஞராகவும் பேராசிரியராகவும் புகழ்பெற்றார். எம். கே. ராஜகுமார் மருத்துவரானார், மலாயாத் தொழிற்கட்சியில் தலைவராகவும் இருந்தார். பூ சூ காய் 1963 முதல் 1973 வரையும், மீண்டும் 1976 முதல் 1982 வரையும் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார். ஜேம்ஸ் புதுச்சேரி நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 1956 அக்டோபரில் மறுபடியும் கைதாகி, உள்ளே இருந்த காலத்தில் மலாயாப் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஒரு நூலையே எழுதினார். ஒரே குற்றப்பத்திரிகையில் பெயர் வந்தவர்களின் கதை இது.

தேவன் நாயர் அந்த எட்டுப் பேரில் இல்லை. ஆசிரியராக இருந்து தொழிற்சங்கத்துக்கு வந்தவர். 1951இலும் 1956இலும் தடுத்து வைக்கப்பட்டார். 1959 ஜூன் 4 அன்று உட்ஹல், புதுச்சேரி, லிம் சின் சியோங் முதலான இடதுசாரிகளோடு வெளியே வந்தார். 1961இல் ஆளும் மக்கள் செயல் கட்சி பிளந்தபோது அவர்களில் பெரும்பாலோர் எதிர்ப்பக்கம் போக, நாயர் அந்தக் கட்சியிலேயே நின்றார். 1963 பிப்ரவரி 2 அன்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கைதானபோது அவருடைய பழைய நண்பர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 1981இல் அவர் சிங்கப்பூரின் அதிபரானார். அந்த மாலை தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாயி சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்து, "உள்ளே போனால் இதெல்லாம் கிடைக்கும் என்று முன்பே சொல்லியிருந்தால் உன்னையும் போகவிட்டிருப்பேனே" என்றார். வீடே சிரித்தது. சித்தப்பா இரண்டு முறை விசாரணைக்கு அழைக்கப்பட்டதோடு சரி; உள்ளே வைக்கும் அளவுக்கு அவர் பெரிய ஆளில்லை என்பதில் அவருக்குக் கடைசிவரை ஒரு மனக்குறை இருந்ததோ என்னவோ.

அப்பாயி சிரித்தாலும், அந்தக் குடும்பத்தின் பயம் பொய்யானது அன்று. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து மலாயாவில் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்குத் தலைவரான எஸ். ஏ. கணபதியை 1949 மே 4 அன்று கோலாலம்பூரின் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். துறைமுகத் தொழிலாளர் சங்கத்து வீரசேனன் அதே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். தாத்தாவுக்கு மார்க்ஸ் யார் என்று தெரியாது. கணபதி யார் என்று நன்றாகத் தெரியும்.

2024 மார்ச் 3

கேள்வி கேட்ட தாய் தனியாக எழுதியிருந்தார்; அவர் அனுமதியோடு இதைச் சொல்கிறேன். மகனிடம் கேட்டுவிட்டார். சனிக்கிழமைகளில் அவனும் நண்பர்களும் லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் வெளிநாட்டு ஊழியர்களைச் சந்தித்து, சம்பளப் பாக்கி முறையீட்டுப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கிறார்கள். தமிழ் பேசத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதால் வரிசை அவன் முன்னால்தான் நீளமாம். "இதற்கா ஆறு மாதம் பொய் சொன்னான்?" என்று அவர் கேட்கிறார்.

பொய் ஏன் சொன்னான் என்பது அடுத்த வரியிலேயே இருக்கிறது. அவன் அப்பாவிடம் புதுக்கோட்டைப் பக்கத்து ஊழியர்கள் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். பொதுவாக எல்லாருக்கும் உரிமை பேசும் பையன், தன் வீட்டுப் பேரேட்டில் ஓவர்டைம் எப்படிப் போடப்படுகிறது என்று ஒருநாள் எடுத்துப் பார்த்திருக்கிறான். மேசையில் நடந்தது முதலாளித்துவத்தைப் பற்றிய சண்டையே இல்லை போலிருக்கிறது.

இதில் எனக்கு அறிவுரை எதுவும் இல்லை. "பார்த்தீர்களா, அப்பாவையே எதிர்க்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்" என்று இன்னொரு வாசகர் எழுதியிருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே பிள்ளைகள் கணக்குப் பார்ப்பார்கள். அப்பாவின் பக்கத்தையும் நான் கேட்கவில்லை. சிறிய தொழில் நடத்துகிறவருக்கு மாதக் கடைசி எப்படி இருக்கும் என்பதை நானும் கொஞ்ச காலம் பார்த்தவன்.

2024 மார்ச் 17

ஹவ்காங்கில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் பண்டகசாலை அறையில், பழைய ரேடியோவுக்கும் வடாம் டப்பாவுக்கும் இடையிலிருந்து சித்தப்பாவின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கடிதங்களின் கணக்கு. பக்கத்துக்கு நான்கு பத்தி: எண், பெயர், விவரம், கிடைத்தது. கடைசிப் பத்தியில் பெரும்பாலும் 'கோப்பி' என்று எழுதியிருக்கிறது. சில இடங்களில் 'கோப்பி, ரொட்டி'. ஓரிடத்தில் 'இரண்டு முட்டை'. ஒருவர் பெயருக்கு எதிரே 'கடன்' என்று இருக்க, அது பிறகு வேறு மையில் அடிக்கப்பட்டு, 'வந்தது' என்று திருத்தப்பட்டிருக்கிறது.

நடுவில் ஒரு பக்கத்தில் தாத்தாவின் பெயர். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். தகப்பன் பெயரும் இருந்ததால் சந்தேகம் இல்லை. எண் 61. விவரம்: குத்தகைக்காரர் பதினொரு நாள் ஓவர்டைமை விட்டுவிட்டார். தேதி 1955 ஜூன், அதாவது அந்த இரவுக்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகவில்லை. தாத்தா கோப்பிக்கடைக்கே போனாரா, வீட்டிலேயே சொன்னாரா, கேட்டது அவரா, எழுதித் தருகிறேன் என்று சொன்னது இவரா என்று சித்திக்குத் தெரியவில்லை; அவர் அந்தக் குடும்பத்துக்கு வந்ததே 1962இல்தான். 'கிடைத்தது' என்ற பத்தியில் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் பேனாவை அங்கே வைத்து எடுத்திருக்கிறார். ஒரு சிறிய புள்ளி இருக்கிறது.

அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அந்தத் தாய்க்கு அனுப்பினேன்.

2024 மார்ச் 18

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அந்தப் பையன் தன் அம்மா மூலமாக எனக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறான். ஓவர்டைம் பதினொரு நாள் அல்ல, பதினேழு நாள். 7 என்ற எண்ணைச் சித்தப்பா 1 போல எழுதுவார், மற்ற பக்கங்களிலும் அப்படித்தான் இருக்கும், சரிபாருங்கள் என்கிறான். சித்தியிடம் கேட்டுச் சரிபார்த்தேன். பதினேழுதான்.